கத்தரி திருப்பி அனுப்பிய விளம்பரங்கள்

தொலைக்காட்சி நிலையத்தின் மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத அறை ஒன்று உண்டு. உள்ளே ஒரு திரை, இரண்டு ஒலிபெருக்கி, சக்கரம் வைத்த ஒரு நாற்காலி. நாற்காலியில் கத்தரி. பற்பசையானாலும் சரி, பத்து மாடிக் குடியிருப்பானாலும் சரி, எந்த விளம்பரமும் அவளைத் தாண்டித்தான் ஒளிபரப்புக்குப் போக வேண்டும். அவள் போகட்டும் என்றால் போகும். வேண்டாம் என்றால் வந்த வழியே திரும்பும்.

முதுகுக்குப் பின்னால் கத்தரி, முகத்துக்கு நேரே கத்தரி மேடம். இரண்டிலும் அவளுக்கு வருத்தமில்லை. பேரைக் கேட்டதும் ஆட்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்களே, அது போதாதா என்பாள்.

அவள் விளம்பரம் பார்க்கும் விதம் நிலையம் முழுக்கப் பிரசித்தம். முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பாள். பிறகு நாற்காலியைச் சுற்றித் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்பாள். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே கிடையாது. "ரெண்டும் ஜோடி சேர்ந்தா ஆளை மயக்கிடும். புருஷன் பெண்டாட்டி சண்டைய விசாரிக்கற மாதிரிதான் இது. தனித்தனியா உக்கார வச்சாத்தான் உண்மை வெளிய வரும்" என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் சொல்வாள்.

இப்படித்தான் ஓர் இருமல் மருந்து விளம்பரத்தைப் பிடித்தாள். பாட்டோடு பார்த்தால், மருந்து குடித்த குழந்தை துள்ளி விளையாடிக்கொண்டிருந்தது. சத்தத்தை அணைத்ததும் குழந்தையின் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. அது அப்போதும் இருமிக்கொண்டுதான் இருந்தது. மேலே சிரிப்புச் சத்தத்தை ஒட்டியிருந்தார்கள். கம்பெனிக்காரர் நேரில் வந்து குதித்தார். அடுத்த வாரம் வேறொரு குழந்தையோடு எடுத்துக்கொண்டு வந்தார்.

அந்த அறைக்கு வருவதற்கு முன்னால் கத்தரி கீழ்த்தளத்தில் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தாள். நேயர்கள் திட்டுவதற்கென்று நிலையம் ஓர் எண் கொடுத்திருந்தது. திட்டை வாங்கிக்கொள்வது அவள் வேலை. தொடரில் நாயகி செத்தால் திட்டுவார்கள். சாகாவிட்டால் இன்னும் அதிகமாகத் திட்டுவார்கள். கத்தரிக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஊரே காதுக்குள் வந்து உட்கார்ந்தது போல என்பாள்.

அப்போதெல்லாம் நிலையம் எல்லாக் கட்சிகளின் விளம்பரத்தையும் வாங்கிப் போட்டது. ஒரு தேர்தலில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் நின்றார். பள்ளிக் கட்டடத்துக்கு வந்த நிதியை அவர் விழுங்கிவிட்டார் என்று எதிராளி விளம்பரம் எடுத்தார். செய்தியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஏனென்றால் அதில் ஒரு வார்த்தைகூட நிஜமில்லை. விளம்பரம் மட்டும் பாட்டுக்கு நடுவே, தொடருக்கு நடுவே, சமையல் நிகழ்ச்சிக்கு நடுவே வந்துகொண்டேயிருந்தது. வாத்தியாரின் மனைவி தொலைபேசியில் வந்தார். அவர் திட்டவில்லை.

"அடுத்து எப்பப் போடுவீங்கன்னு மட்டும் சொல்லுங்கம்மா. அந்த நேரத்துக்கு டிவிய அணைச்சிடறேன். எங்க மாமியார் பாத்துக்கிட்டே இருக்காங்க. பெத்த பிள்ளைய நம்பறதா டிவிய நம்பறதான்னு அவங்களுக்கே தெரியல" என்றார்.

கத்தரி உள்ளே கேட்டு நேரத்தைச் சொன்னாள். வேறென்ன செய்ய முடியும்?

மேல்மாடி அறை அவள் கைக்கு வந்த பிறகு, அடுத்த தேர்தல் நெருங்கும்போது, நேராக முதலாளியின் அறைக்குப் போனாள்.

"சார், செய்தில தப்பு வந்தா மறுநாள் திருத்தறோம். மேடைல ஒருத்தன் புளுகினா எதிர்ல நிக்கறவன் கத்தலாம். விளம்பரத்துக்கு எதிர்ல யாரு நிக்க முடியும்? அதே பொய், அதே சிரிப்பு, காலைலேருந்து ராத்திரி வரைக்கும். நாம யாரோடதையும் வாங்க வேண்டாம்."

முதலாளி தாடையைத் தடவினார். ஊதாக் கட்சி ஆளும் கட்சி. மஞ்சள் கட்சி நாளைக்கு ஆளக்கூடிய கட்சி. ஒன்றை வாங்கினால் மற்றது முறைக்கும். இரண்டையும் வாங்கினால், எங்களுக்கு நல்ல நேரம் கொடுக்கவில்லை என்று இரண்டும் சேர்ந்து முறைக்கும்.

"நீ சொல்றதும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அவர் தலையாட்டியது கொள்கைக்கா, நிம்மதிக்கா என்று கத்தரி தோண்டிப் பார்க்கவில்லை. மழை பெய்தால் சரி, மேகத்தின் பூர்வீகம் எதற்கு? அந்த வருஷமே ஊரிலிருந்த மற்ற இரண்டு நிலையங்களும் இவர்களைப் பார்த்து அரசியல் விளம்பரம் எடுப்பதில்லை என்று அறிவித்தன. கத்தரி வீட்டுக்குப் போகும்போது பேருந்தில் நின்றுகொண்டே தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றவர் தள்ளி நின்றார்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தங்கை தேர்தலில் நின்றாள்.

தங்கை பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவள். ஒரே கார், அதற்கு ஒரே ஆசிரியை. தங்கை வீட்டை ஒட்டி ரயில் பாதை. கடவுப்பாதையின் கேட் ஒரு நாளில் திறந்திருக்கும் நேரத்தைவிட மூடியிருக்கும் நேரம்தான் அதிகம். ஒரு மேம்பாலம் கேட்டு எத்தனையோ பேர் எழுதிப் பார்த்தார்கள். தங்கை எழுதவில்லை. நகரசபைக்கு சுயேச்சையாக மனுப் போட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கைபேசியோடு அக்கா வீட்டுக்கு வந்தாள். முன்னறையில் கத்தரியின் கணவர் வேலையில் இருந்தார். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பது அவர் தொழில். மேசை மேல் நான்கைந்து பல்வரிசைகள் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.

"வாங்க கவுன்சிலரம்மா" என்றார் அவர்.

"அத்தான், கேலி பண்ணாதீங்க. அப்புறம் உங்க தெருவுக்குக் குழாயே விட மாட்டேன்." தங்கை கைபேசியை அக்காவிடம் நீட்டினாள். "விளம்பரம் எடுத்திருக்கேன். பாத்துட்டுச் சொல்லு."

கத்தரி சத்தத்தை அணைத்தாள்.

"ஏய், என்னுதையுமா?"

"உன்னுது என்ன, மேலேருந்து குதிச்சுதா?"

படத்தில் தங்கை மூடிய கேட்டுக்கு முன்னால் நின்று வாயசைத்தாள். பின்னால் ரயில் போனது. போய்க்கொண்டே இருந்தது. தங்கை வாயை மூடிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி பேச ஆரம்பித்தாள். மறுபடி நிறுத்தினாள். கத்தரி கைபேசியைக் கவிழ்த்து வைத்துச் சத்தத்தைக் கேட்டாள். பாதிக்கு மேல் ரயில்தான். ரயில் ஒருவழியாக ஓய்ந்ததும் தங்கையின் குரல்: "சொல்ல வந்ததுக்கு நேரம் முடிஞ்சு போச்சு. எங்களுக்கு தினமும் இப்படித்தான்."

கத்தரி கைபேசியைத் திருப்பித் தந்தாள். "ரொம்ப நல்லா இருக்கு. பொய் ஒண்ணுகூட இல்ல."

"அப்பப் போடு."

"மாட்டேன்."

"அதான பாத்தேன்." தங்கை எழுந்து நின்றாள். "கைத்தடியார் மூஞ்சி உங்க செய்தில காலைல ஒருதரம், மத்தியானம் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். மஞ்சக்காரன் தும்மினாக்கூட மைக்க நீட்டறீங்க. அவங்களுக்கு விளம்பரம் எதுக்குக்கா? விளம்பரம் வேண்டியது எனக்கு. உன் சட்டம் யாருக்குச் சவுகரியம்னு யோசிச்சுப் பாத்தியா? ஏற்கனவே பந்தில உக்காந்தவனுக்கு. நாங்க வாசல்ல நிக்கறோம்."

கைத்தடியார் என்பது ஊதாக் கட்சித் தலைவர். முழங்காலில் அடிபட்டதிலிருந்து கைத்தடி ஊன்றித்தான் நடப்பார்.

"உனக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும்" என்றாள் கத்தரி. "உன்னால ஒரு தடவை போட முடியும். அவங்களால நாள் முழுக்கப் போட முடியும். அப்ப உன் ரயில் எங்க கேக்கும்?"

"கேக்குதோ கேக்கலயோ, அது என் பாடு. நீ ஏன் எனக்காக முடிவு பண்ற?"

கணவர் ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "இங்க இத்தனை வாய் இருக்கு. எல்லாம் எவ்வளவு ஒழுக்கமா மூடிக்கிட்டு இருக்கு பாருங்க."

அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் அவரை முறைத்தார்கள். தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். போகும்போது காரின் ஒலிப்பானைத் தேவையில்லாமல் ஒருமுறை அழுத்தினாள்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. கத்தரி கூப்பிட்டால் எடுப்பதில்லை. கத்தரி அலட்டிக்கொள்ளவில்லை. விதி என்றால் முதலில் வீட்டுக்குள் வலிக்க வேண்டும், அப்போதுதான் வெளியே செல்லுபடியாகும் என்று நினைத்தாள். அப்படி நினைக்கும்போதெல்லாம் முதுகு கொஞ்சம் நேராயிற்று.

ஒரு சாயங்காலம், கத்தரி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கணவர் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சி அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கணவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"வந்துட்டாரு பாரு, கைத்தடியாரு."

"செய்தியா?"

"இல்ல, விளம்பரம். உங்க டிவிதான். கொஞ்ச நாளா வருதே."

கத்தரி கத்தியோடு முன்னறைக்கு ஓடி வந்தாள். அதற்குள் சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

"எந்த விளம்பரம்?"

"பெயிண்ட் விளம்பரம். அதுல அவரு ஆளே வர மாட்டாரு. நடக்கறதுதான் வரும். டொக், டொக்குனு. ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?"

அந்த விளம்பரம் கத்தரிக்கு நினைவிருந்தது. அதில் நினைவு வைத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை என்பதாலேயே நினைவிருந்தது. சத்தமில்லாமல் பார்த்தபோது ஒரு தெரு. கேமரா தெருவோடு மெல்லப் போகிறது. பச்சைக் கதவு திறக்கிறது, நீலக் கதவு திறக்கிறது, ஆட்கள் எட்டிப்பார்த்துச் சிரிக்கிறார்கள். கடைசியாக ஓர் ஊதாக் கதவு. அதிலிருந்து குடும்பமே வெளியே வருகிறது. திரும்பி உட்கார்ந்து கேட்டபோது டொக், டொக் என்று சத்தம், கொஞ்சம் வீணை, கடைசியில் ஒரு குரல்: "உங்கள் தெருவுக்கு வருகிறது புது நிறம்." யாரோ கதவைத் தட்டுகிறார்கள், கதவு திறக்கிறது. இதில் என்ன இருக்கிறது? போகட்டும் என்றாள்.

காயை அப்படியே போட்டுவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தாள். தொடர் முடிந்து அடுத்தது ஆரம்பித்தது. விளம்பரம் வந்தது. அதைப் படமும் சத்தமுமாகச் சேர்த்து அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

டொக் என்ற சத்தம் கதவு திறப்பதற்கு முன்னால் வரவில்லை. திறந்த பிறகும் வந்தது. கதவே இல்லாத சுவருக்குப் பக்கத்திலும் வந்தது. யாரும் எந்தக் கதவையும் தட்டவில்லை. ஒருவர் கைத்தடி ஊன்றித் தெருவில் நடந்து வருகிறார். ஜனங்கள் வீட்டுக்கு வீடு வெளியே வந்து அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கடைசியில் அவர் ஊதாக் கதவுக்கு முன்னால் வந்து நிற்கிறார்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிருக்கான்" என்றாள் கத்தரி.

"மறைக்கவே இல்லையே" என்றார் கணவர். "நீதான் சோத்தத் தனியா, பூசணிக்காயத் தனியாப் பாத்திருக்க."

இத்தனை வருஷம் அவள் பெருமையாகப் பேசிய வித்தை காலை வாரிவிட்டிருந்தது. யாரோ அவளுடைய நாற்காலி எந்தப் பக்கம் சுற்றும் என்று தெரிந்துகொண்டு அதற்கு அளவெடுத்து விளம்பரம் தைத்திருக்கிறார்கள். கோபத்தைவிட ஒரு மரியாதைதான் முதலில் வந்தது. கோபம் பின்னாலேயே வந்தது.

மறுநாள் காலையில் விற்பனைத் தலைவரின் அறைக்குப் போனாள். அவர் எப்போதும் சிரித்த முகம். துக்கம் விசாரிக்கப் போனால்கூட அந்தச் சிரிப்பைப் பார்த்து யாராவது ஒருவர் அவரிடம் சண்டைக்கு வருவார்கள்.

"பெயிண்ட் விளம்பரத்த எடுக்கணும்" என்றாள்.

"எந்தக் காரணத்துக்கு மேடம்?"

"அது பெயிண்ட் விளம்பரம் இல்ல. கட்சி விளம்பரம்."

"நீங்கதான போகட்டும்னீங்க?"

"நான்தான். தப்பாச் சொல்லிட்டேன்."

விற்பனைத் தலைவரின் சிரிப்பு ஒரு கணம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. இந்த நிலையத்தில் அந்த வாக்கியத்தை அவர் கேட்டதில்லை. "கதவுக்கு பெயிண்ட் அடிச்சா கட்சியா மேடம்? அப்ப நாளைக்கு மஞ்சத்தூள் விளம்பரமும் வேண்டாம்பீங்க."

"மஞ்சத்தூள் தடி ஊனி நடந்தா வேண்டாம்னுதான் சொல்வேன். வாங்க, முதலாளிகிட்டப் போலாம்."

முதலாளியின் அறையில் பெரிய திரை இருந்தது. மூன்று பேரும் நின்றுகொண்டே பார்த்தார்கள். டொக், டொக். முதலாளி இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை பார்க்கும்போது அவர் காலும் தானாகவே அந்தத் தாளத்துக்கு ஆடியது.

"அவருதான்" என்றார்.

"சார், நிரூபிக்க முடியாது" என்றார் விற்பனைத் தலைவர். "அதோட இன்னொரு விஷயம். மேடத்தோட தங்கச்சி தேர்தல்ல நிக்கறாங்க. இத எடுத்தா, எதுக்கு எடுத்தோம்னு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

முதலாளி கத்தரியைப் பார்த்தார். "அப்படியா? சொல்லவே இல்லையே."

"நிக்கறா சார். விளம்பரம் எடுத்துட்டு வந்தா. திருப்பி அனுப்பிட்டேன்."

முதலாளியின் முகம் தெளிந்தது. எல்லாருக்கும் நல்லவராக ஒரு வழி கண்டுபிடித்துவிட்ட முகம்.

"ஒண்ணு பண்ணலாம்மா. இது ஓடட்டும். உன் தங்கச்சியோடதையும் போட்டுடலாம். நல்ல நேரத்துலயே போடறேன், நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி. மஞ்சக்காரங்க கேட்டா அவங்களோடதும் வரட்டும். ஒருத்தருக்கும் இல்லங்கறதும் சமம்தான், எல்லாருக்கும் உண்டுங்கறதும் சமம்தான். என்ன சொல்ற?"

தங்கையின் விளம்பரத்து ரயில் கத்தரியின் கண்ணுக்கு முன்னால் போனது. அந்த விளம்பரம் எவ்வளவு நன்றாக இருந்தது என்பது இந்த ஊரிலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு சரி சொன்னால் போதும். சாயங்காலம் தங்கையைக் கூப்பிட்டு டிவியைப் போடு என்று சொல்லலாம். தங்கை எடுப்பாள். அது ஒன்றும் திருட்டுமில்லை. முதலாளி தானாக முன்வந்து தருகிறார். தங்கை கேட்டதும் ஒன்றும் அநியாயமில்லை. பந்தியில் உட்கார்ந்தவனுக்குத்தான் இந்த விதி சவுகரியம் என்று அவள் சொன்னதில் பாதி உண்மை என்பது கத்தரிக்கு அன்றைக்கே தெரியும்.

மீதிப் பாதியும் தெரிந்திருந்தது. கதவைத் திறந்தால் கேட்டைத் தாண்டி வரப்போவது தங்கையின் ரயில் மட்டுமில்லை. எங்கோ ஒரு வீட்டில் ஒரு மருமகள் மாமியாருக்குத் தெரியாமல் டிவியை அணைக்க நேரம் கேட்டு நிற்பாள்.

"வேண்டாம் சார்" என்றாள்.

"தங்கச்சிக்கு நல்லதும்மா."

"நல்லதுதான். அதனாலதான் நான் சொல்லக் கூடாது. இத எடுத்துடுங்க. அவளோடதும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். போன தேர்தலுக்கு எப்படி இருந்தோமோ அப்படியே இருப்போம்."

"கம்பெனிக்காரன் ஏன்னு கேட்டா?" என்றார் விற்பனைத் தலைவர்.

"பாக்க வேண்டியவ சரியாப் பாக்கலன்னு சொல்லுங்க. என் பேரையே சொல்லுங்க. நெருப்புன்னா வாய் வெந்துடுமா?"

முதலாளி நெற்றியைத் தேய்த்தார். ஊதாக்காரர்களின் தொலைபேசி அழைப்பு அவர் காதில் இப்போதே ஒலித்திருக்க வேண்டும். ஆனால் விளம்பரத்துக்குச் சொந்தக்காரர்கள் நாங்கள்தான் என்று சொல்லிக்கொண்டு ஊதாக்காரர்கள் எப்படிச் சண்டைக்கு வருவார்கள்? அது அவருக்கும் மெல்லப் புரிந்தது. அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"எடுத்துடுய்யா" என்றார்.

அன்றிலிருந்து கத்தரி ஒவ்வொரு விளம்பரத்தையும் மூன்று தடவை பார்க்கிறாள். படம் தனியாக, சத்தம் தனியாக, கடைசியில் எல்லா ஜனங்களையும் போல இரண்டும் சேர்த்து. மூன்றாவது தடவைக்கு வராந்தாவில் போகிற யாரையாவது கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துக்கொள்கிறாள். இதைப் பற்றி யாராவது கிண்டல் செய்தால், "தன் முதுகு தனக்குத் தெரியாதுப்பா, அதுக்குத்தான் இன்னொரு ஆளு" என்கிறாள். பழைய பெருமை அப்படியே இருக்கிறது. கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அன்றைக்கு முதலாளி அறையிலிருந்து இறங்கியவள் விடுப்புச் சொல்லிவிட்டு நேராகத் தங்கையின் பள்ளிக்குப் போனாள். மூன்றாம் ஆள் வாயால் தங்கைக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தாள். தங்கையின் கார் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓட்டுகிற இடத்தில் மருந்துக்கடை நடத்தும் ஓர் அம்மா, ஸ்டியரிங் வளையத்தை இரண்டு கையாலும் கழுத்தைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தங்கை. அந்தப் பக்கமும் காலடியில் ஒரு பிரேக் இருக்கும், ஆசிரியைக்கென்று. கத்தரி பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"இறங்கு. வகுப்பு நடக்குது" என்றாள் தங்கை, திரும்பாமல்.

"ஒரு விஷயம் சொல்லணும்."

"வண்டி ஓடும்போது ரோடப் பத்தி மட்டும்தான் பேசணும். அது இங்க சட்டம். உனக்கு மட்டும்தான் சட்டம் இருக்கா?" மருந்துக்கடை அம்மாவிடம் சொன்னாள்: "நீங்க போங்க. கிளட்சை மெதுவா விடுங்க. மெதுவா. அது ஒண்ணும் தேள் இல்ல."

கார் குதித்துக் கிளம்பியது. கத்தரி முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் திருப்பம் வரைக்கும் பொறுத்தாள்.

"அந்தப் பெயிண்ட் விளம்பரத்த எடுத்தாச்சு. கைத்தடியாரு விளம்பரம்தான் அது. நான் கோட்டை விட்டுட்டேன்."

"அது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே! எங்க தெருவுல பசங்க அது வந்தா நொண்டிக்கிட்டு நடக்குதுங்க." தங்கை பாதையைப் பார்த்தபடியே சொன்னாள். "இடது பக்கம் பாருங்க. சைக்கிள். அவரும் மனுஷர்தான்."

"முதலாளி, அது ஓடட்டும், உன் தங்கச்சியோடதையும் போடறேன்னாரு."

தங்கை மெல்லத் திரும்பினாள். "எப்ப?"

"வேண்டாம்னுட்டேன்."

கார் சடாரென்று நின்றது. மூன்று பேரும் முன்னால் போய்ப் பின்னால் வந்தார்கள். பின்னால் வந்த வண்டிக்காரன் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனான்.

"நான் என்ன தப்புப் பண்ணேன் டீச்சர்?" என்றாள் மருந்துக்கடை அம்மா.

"நீங்க ஒண்ணும் பண்ணல. பின்னாடி உக்காந்திருக்காளே, அவ பண்ணா." தங்கை பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. "கையில கொடுத்தாங்க. கையில! அதத் தட்டிவிட்டுட்டு என்கிட்டயே வந்து சொல்ற. உனக்கு என்ன நெஞ்சுடி அது?"

அக்காவை டி போட்டது இருவருக்குமே உறைக்கவில்லை.

"வேற யாராவது சொல்லி உனக்குத் தெரியக் கூடாதுன்னு வந்தேன்."

"கூட்டத்துக்கு ஆள் வரல. சுவரொட்டி ஒட்டினா மறுநாள் அது மேல கைத்தடியாரு. நான் நிக்கறது யாருக்குத் தெரியும்? யாருக்குத் தெரியும்னு சொல்லு!"

மருந்துக்கடை அம்மா வளையத்தை விட்டுவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"டீச்சர், நீங்க எலெக்‌ஷன்ல நிக்கறீங்களா?"

"உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் தங்கை.

"எனக்கு எப்படித் தெரியும்? கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் என் கடையும் வீடும். தினமும் உங்க பக்கத்துலதான் உக்காந்துக்கிட்டு இருக்கேன். கிளட்சு, கியரு, கண்ணாடியப் பாரு. இதத் தவிர ஒரு வார்த்தை நீங்க பேசினதில்லையே."

கத்தரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"சிரிக்காத" என்றாள் தங்கை.

"ஏண்டி, அந்தப் பக்கத்துப் பொம்பளைங்க பாதிப் பேருக்கு நீதான் வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்திருக்க. ஒருத்தர்கிட்டகூடவா வாயத் திறக்கல? உன் சேனல்லயே உன் விளம்பரத்த நீ போடலயே!"

"வண்டில அரசியல் பேசினா கவனம் போகும். ஆளு சாவான்" என்றாள் தங்கை விறைப்பாக. ஆனால் குரலில் இருந்த விறைப்பு முகத்தில் இல்லை. ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "ஓரமா நிறுத்துங்க."

மருந்துக்கடை அம்மா நிறுத்தினாள். ஒரு சக்கரம் நடைபாதை மேல் ஏறியது. தங்கை அதைக் கவனிக்கவில்லை.

"கைப்பிரேக்க இழுங்க. இஞ்சின அணைங்க." சத்தம் ஓய்ந்தது. தங்கை தன் இருக்கையில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். "நான் நிக்கறேன். பாலத்துக்காக நிக்கறேன். கேட்டுக்கு மேல பாலம் வரணும்."

மருந்துக்கடை அம்மா உடனே தலையாட்டவில்லை.

"பாலம் வந்தா தூணு எங்க வரும்?"

"எங்கயாவது வரும்."

"எங்கயாவதுன்னா? என் கடை கேட்டுப் பக்கத்துலதான் இருக்கு. கேட்டு மூடியிருக்கறப்ப நிக்கறாங்களே, அவங்கதான் என் வியாபாரமே. தூணு என் கடை மேல வருமா, வராதா? நேராச் சொல்லுங்க டீச்சர்."

தங்கையின் விளம்பரத்தில் இந்தக் கேள்வி இல்லை. கத்தரி பின்னாலிருந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரும்னு நினைக்கறேன்" என்றாள் தங்கை கடைசியில். "வரைபடம் பாத்தேன். உங்க வரிசைல மூணு கடை போகும்."

"அப்ப உங்களுக்கு எதுக்கு ஓட்டுப் போடணும்?"

"போட வேண்டாம். முதல்ல கேளுங்க. அப்புறம் திட்டுங்க. போன மழைல ஆம்புலன்ஸு கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்னுச்சு, நீங்களும் பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன். அந்தப் பெரியவருக்கு மாத்திரை கொடுத்ததே நான்தான். அதுக்காக என் கடைய இடிப்பீங்களா?"

"இடிச்சா வேற கடை வாங்கித் தராம விட்டுடுவேனா?"

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. எங்க தருவீங்க? பாலத்துக்கு மேலயா?"

இருவரின் குரலும் ஏறியது. மருந்துக்கடை அம்மா வாகனத்துக்குள் இருப்பதையே மறந்து வளையத்தின் மேல் ஓங்கித் தட்டினாள். ஒலிப்பான் அலறியது. இருவரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"நான் இறங்கிக்கறேன்" என்றாள் கத்தரி.

தங்கை ஒரு காகிதத்தைத் தேடி எடுத்து, தொடை மேல் வைத்துத் தூண்களை வரைய ஆரம்பித்திருந்தாள். மருந்துக்கடை அம்மா அவள் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, அப்படி இல்லை, வாய்க்கால் இந்தப் பக்கம் என்றாள்.

கத்தரி கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.